வளவில் ஏறிய ஓதம்: ஒரு செட்டிநாட்டு வீட்டைப் பழுதுபார்த்த பதிவு

செட்டிநாட்டு வீட்டைப் பழுதுபார்க்க இறங்குகிறவர்களின் கண் முதலில் போவது பர்மா தேக்குத் தூணுக்கும் நிலைக்கதவுச் சிற்பத்துக்கும்தான். என்னைக் கேட்டால் அவற்றைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். மழைத் தண்ணீர் எங்கே விழுந்து எந்த வழியாக வெளியே போகிறது, காற்று எங்கே நுழைந்து எங்கே ஏறிப் போகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். இந்த இரண்டு வழியும் திறந்திருந்தால் அந்த வீட்டில் இன்றைக்கும் சுகமாகக் குடியிருக்கலாம். அடைபட்டுவிட்டால் பளிங்கும் பெல்ஜியம் கண்ணாடியும் இருந்தும் பிரயோஜனம் இல்லை, வாசலைத் தாண்டியதுமே சுவரில் ஏறிய ஈரத்தின் ஓத நாற்றம் வரவேற்கும்.

காரைக்குடிப் பக்கத்தில் உள்ள எங்கள் வீடு பங்காளிகள் எல்லோருக்கும் பொது. முன்னோர்களுக்குப் படைக்கும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் திறப்போம், மற்ற நாளில் பூட்டிக் கிடக்கும். சாவி வைத்திருப்பவர் மாதம் ஒருமுறை பெருக்கி வைப்பார், அவ்வளவுதான். பங்காளிகளை ஒன்று சேர்த்துச் சம்மதம் வாங்கியதைப் பற்றித் தனியாகவே ஒரு பதிவு எழுதலாம், அதை விட்டுவிடுகிறேன். செட்டிநாட்டு ஊர்த் தொகுப்புகளை 2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்த்தார்கள். ஆனால் பட்டியல் எந்த வீட்டுக் கூரையையும் பிரித்து மேயாது. அதை வீட்டுக்காரர்கள்தான் செய்தாக வேண்டும்.

அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். திண்ணையோடு கூடிய முகப்பு, அதைத் தாண்டினால் வளவு, நடுவில் வானம் பார்த்த முற்றம், அதைச் சுற்றி நாலு பக்கமும் தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டி அறைகள். அதற்குப் பின்னால் இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு, கடைசியில் அடுப்படி. முன்வாசலில் நின்று பார்த்தால் கதவுகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் வரிசையாகப் போய்ப் பின்வாசல் வெளிச்சம் தெரியும். பார்வைக்கு அழகு என்பதோடு, தெருக்காற்று முற்றத்துக்கும் முற்றத்திலிருந்து பின்கட்டுக்கும் தடையில்லாமல் போகிற பாதையும் அதுதான்.

வளவில் மேற்குப் பக்கச் சுவரில் நெஞ்சளவுக்கு ஓதம் ஏறியிருந்தது. பெயிண்ட் உரிந்து தொங்கியது, சில இடங்களில் பூச்சு உப்பி நின்றது. முன்பு ஒருமுறை நடந்த மராமத்தில், அடியில் உதிர்ந்த சுண்ணாம்புக் காரையைச் சுரண்டிவிட்டு நாலடி உயரத்துக்கு சிமெண்ட் பூசி, அதன் மேல் பிளாஸ்டிக் பெயிண்ட்டும் அடித்திருந்தார்கள். சிமெண்ட் பூசினால் ஓதம் நின்றுவிடும் என்று இன்றைக்கும் பல பேர் நம்புகிறார்கள். நடப்பது நேர்மாறு.

செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த சுவர் மண்ணிலிருந்து கொஞ்சம் ஈரத்தை எப்போதும் உறிஞ்சிக்கொண்டுதான் இருக்கும். சுண்ணாம்புக் காரையில் நுண்துளைகள் அதிகம் என்பதால் அந்த ஈரம் அதன் வழியாகவே ஆவியாகிப் போய்விடும். மண்பானையின் வெளிப்பக்கம் கசிந்து உள்ளே தண்ணீர் குளிர்கிறதே, கிட்டத்தட்ட அதே விவகாரம். சிமெண்ட் பூச்சு அந்தத் துளைகளை அடைக்கிறது. உள்ளே ஏறிய ஈரம் வெளியே வர வழியில்லாமல் சுவருக்குள்ளேயே மேலே மேலே ஏறுகிறது. சிமெண்ட் நாலடியில் முடிந்தால் ஓதம் அதற்கு மேலே தலை காட்டும். ஈரத்தோடு ஏறிய உப்பு சுவருக்குள் படிகமாகி, செங்கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக மாவாக்கும்.

சுவரைத் தொடுவதற்கு முன்பு முற்றத்தைப் பார்த்தோம். நாலு பக்கக் கூரையும் முற்றத்தை நோக்கிச் சரிந்திருப்பதால் மழை பெய்தால் கூரைத் தண்ணீர் பெரும்பகுதி அங்கேதான் விழும். அந்தக் காலத்தில் அதைக் கிடாரம் என்ற பெரிய பாத்திரத்தில் பிடித்துப் புழங்கினார்கள். மிச்சம் முற்றத்து மூலையிலிருக்கும் கல்வாய் என்ற கல் துளை வழியாகத் தரைக்கு அடியில் ஓடும் கால்வாயில் இறங்கித் தெருவுக்குப் போய், அங்கிருந்து ஊரணிக்குச் சேரும். தண்ணீர் அரிதான பூமியில் ஊரையே அப்படித்தான் திட்டமிட்டிருக்கிறார்கள்.

ஒரு குடம் தண்ணீரில் காவிப் பொடியைக் கரைத்துக் கல்வாயில் ஊற்றிவிட்டு, தெருப் பக்கம் கால்வாய் வெளியே வரும் இடத்தில் ஆளை நிறுத்தினேன். காவி நிறம் வரவே இல்லை. மூங்கில் பிளாச்சை உள்ளே விட்டால் ஒரு பாகத்துக்கு, அதாவது இரு கையையும் விரித்த நீளத்துக்கு, மேல் போகவில்லை. மேற்குத் தாழ்வாரத்தில் ஒரு பலகைக் கல்லைக் கடப்பாரையால் நெம்பித் தூக்கிப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. பழைய மராமத்தின் சிமெண்ட் கழிவை அந்தக் கால்வாயில்தான் கழுவி ஊற்றியிருக்கிறார்கள். பாதி உயரத்துக்குக் கல்லாக இறுகிக் கிடந்தது. விழுந்த மழையெல்லாம் வெளியே போக முடியாமல் மேற்குச் சுவரின் அஸ்திவாரத்தில் இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. உளியால் துண்டு துண்டாக உடைத்து எடுத்து, கால்வாயின் அடியைச் சுண்ணாம்புக் கலவையால் சரிசெய்து, ரசமட்டம் வைத்துச் சரிவைப் பார்த்து, மறுபடி காவித் தண்ணீர் ஊற்றினோம். தெருவில் நின்ற பையன் போட்ட சத்தம் வளவு வரைக்கும் கேட்டது.

அதற்குப் பிறகுதான் சுவரில் கை வைத்தோம். அது பங்குனி மாதம். சிமெண்ட் பூச்சைத் தட்டினால் எங்கே வெற்றுச் சத்தம் வருகிறதோ அங்கே ஆரம்பிப்பது நல்லது. உளியைச் சுவரோடு சாய்த்துப் பிடிக்க வேண்டும், நேராகக் குத்தினால் பின்னால் இருக்கும் செங்கல்லும் சேர்ந்து வந்துவிடும். பெரிய பெரிய பாளமாக விழுந்தது. பின்னால் செங்கல் கருத்துப் போய் ஈரமாக இருந்தது, விரலால் தேய்த்தால் சிவப்பு மாவு ஒட்டியது. இடைச்சந்துகளில் பஞ்சு போல வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. ஓதக் கோட்டுக்கு மேலே இன்னும் இரண்டடி உயரத்துக்குப் பூச்சை எடுத்தோம். கோட்டோடு நிறுத்தினால் உப்பு மேலே மிச்சம் இருக்கும்.

உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது. கழுவினால் அது கரைந்து திரும்பவும் செங்கல்லுக்குள்தான் போகும். காய்ந்த தூரிகையால் தட்டி, கீழே விரித்த சாக்கில் விழ வைத்து, வீட்டுக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். அதிகமாகப் பூத்த இடங்களில் பழைய செய்தித்தாளை ஊறவைத்துக் கூழாக்கி அப்பினோம். அது காயும்போது சுவரிலுள்ள உப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், காய்ந்ததும் உரித்து எறிந்துவிடலாம். சில இடங்களில் இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது. பொரிந்துபோன செங்கல்லை எடுத்துவிட்டு, இடித்த பழைய வீடுகளிலிருந்து வரும் செங்கல்லைச் சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்து வைத்தோம். சுர்க்கி என்பது செங்கல் தூள். ஈரமான இடத்திலும் சுண்ணாம்பு இறுகுவதற்கு அது உதவும்.

பிறகு சுவரை அப்படியே விட்டோம். கோடை முழுக்கக் கதவு ஜன்னல்களைத் திறந்துவைத்துக் காயவிட்டோம். பார்க்கிற பங்காளிகள் எல்லோரும் “வேலை ஏன் நின்னு போச்சு?” என்று கேட்டார்கள். நிற்கவில்லை, இதுவும் வேலைதான். ஐப்பசி அடைமழை வந்து, முற்றத்துக் கால்வாய் தண்ணீரை முழுசாக வாங்கிக்கொண்டு போகிறதா, காய்ந்த செங்கல் மறுபடி கருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பூச்சு. செங்கல் கருக்கவில்லை. தை பிறந்ததும் கொத்தனார் வந்தார்.

சுண்ணாம்பை அதற்கு முன்பே நீற்றி வைத்திருந்தோம். சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் சுட்டால் கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். அதைத் தண்ணீரில் போட்டால் கொதித்து நீறும். சுவரில் பூசிய பிறகு காற்றிலிருந்து அதே கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு திரும்பவும் கல்லாகும். நீற்றும்போது ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். தொட்டியில் முதலில் தண்ணீர், அப்புறம் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சுண்ணாம்புக் குவியலின் மேல் தண்ணீரை ஊற்றினால் சீறித் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரையும் பக்கத்தில் விடவில்லை. நீறியதைச் சல்லடையில் வடித்து, மேலே தண்ணீர் நிற்கும்படி மூடி வைத்தால் வெண்ணெய் பதத்துக்கு வரும். எவ்வளவு நாள் கிடக்கிறதோ அவ்வளவு நல்லது.

கடுக்காயை உடைத்து வெல்லத்தோடு ஊறவைத்துப் புளிக்க வைத்த தண்ணீர்தான் கலவைக்கு. முன்பு வட்டப் பள்ளத்தில் கல்சக்கரத்தை மாடு கட்டி இழுத்து அரைத்தார்கள், இப்போது மோட்டார் வைத்த அரவை இயந்திரம் வந்துவிட்டது. அரைப்பதை மட்டும் விடக் கூடாது. மண்வெட்டியால் புரட்டியதையும் அரைத்ததையும் கையில் எடுத்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். அரைத்தது பூசுகிற கரணையில் ஒட்டிக்கொண்டு வழுக்கி வரும்.

முதல் பூச்சு ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல், கொஞ்சம் சுர்க்கி. சுவரை நன்றாக நனைத்துவிட்டு அரை அங்குலத்துக்கு மேல் போகாமல் பூசி, அடுத்த பூச்சு பிடிக்கும்படி கீறிவிட்டோம். இரண்டாவது பூச்சில் மணல் சன்னம், அளவும் குறைவு. சுண்ணாம்புப் பூச்சை அவசரமாகக் காயவிடக் கூடாது. சணல் சாக்கை நனைத்துத் தொங்கவிட்டு, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்து, மெதுவாக இறுக விட வேண்டும். சித்திரை வைகாசியில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாததற்குக் காரணம் இதுதான். வெயிலும் அனல் காற்றும் மேல்பூச்சை நிமிஷத்தில் வெடிக்க வைத்துவிடும்.

கடைசிப் பூச்சைத்தான் ஊரெல்லாம் முட்டைப் பூச்சு என்று பேசுகிறார்கள். சலித்த சுண்ணாம்பு வெண்ணெய், பளிங்குத் தூள், முட்டை வெள்ளைக்கரு கலந்த சன்னமான கலவை, தாளின் கனத்துக்குத்தான் ஏறும். முட்டை பேர் வாங்கிவிட்டது. ஆனால் பளபளப்பின் பெரும்பங்கு தேய்ப்பில் இருக்கிறது. கொத்தனார் வழவழப்பான கூழாங்கல் ஒன்றைத் துணியில் சுற்றி வைத்திருந்தார். பூச்சு விரல் ஒட்டாத பதத்துக்கு வந்ததும் அந்தக் கல்லை உள்ளங்கையில் அழுத்திப் பிடித்துச் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்துக்கொண்டே போனார். முதலில் கோடு கோடாக ஈரம் மேலே வந்தது. அதன் மேலேயே மறுபடி தேய்க்கத் தேய்க்க மங்கல் போய், எதிர்ச் சுவரிலிருந்த ஜன்னல் கம்பிகளின் நிழல் சுவருக்குள் தெரிய ஆரம்பித்தது.

நான் கொஞ்ச நேரம் வாங்கித் தேய்த்துப் பார்த்தேன். “தம்பி, கையால அழுத்தாதீங்க. தோளால அழுத்துங்க. பதம் தப்பிப் போச்சுன்னா அந்த இடம் கருத்துரும்” என்றார். “இத்தனை மணி நேரத்துக்கு அப்புறம்னு கணக்கு இருக்காண்ணே?” என்று கேட்டதற்கு, “கணக்கு எல்லாம் கிடையாது. புறங்கையை வச்சுப் பாருங்க, குளுமையா இருக்கணும், ஒட்டக் கூடாது” என்றார். இந்த ஒரு வாக்கியம் நான் படித்த எல்லாக் குறிப்புகளையும் விட எனக்கு உபயோகப்பட்டது. இப்படி வேலை தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். கிடைத்தால் கூடவே இளையவர் ஒருவரையும் வேலைக்கு வைத்துக் கற்றுக்கொள்ளச் செய்யுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

இரண்டாம் கட்டில் ஆத்தங்குடிக் கல், அதாவது பூவேலை போட்ட சிமெண்ட் கல், பதித்த தரை. கரணைக் காம்பால் தட்டிப் பார்த்தால் வெற்றுச் சத்தம் வரும் கற்களுக்கு அடியில் மெத்தையாகப் போட்ட கலவை உதிர்ந்திருக்கிறது என்று அர்த்தம். முழுசாக இருந்தவற்றைச் சந்தில் ரம்பப் பிளேடை விட்டு அறுத்து, நெம்பாமல் தூக்கி, அடியில் புதிதாகச் சுண்ணாம்பு மணல் போட்டுத் திரும்ப வைத்தோம். உடைந்தவற்றை நடுவிலிருந்து உடைத்து எடுக்க வேண்டும், ஓரத்தில் உளி வைத்தால் பக்கத்துக் கல்லும் போகும்.

புதுக் கல் வாங்க ஆத்தங்குடிக்கே போனேன். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூவேலை அச்சை இறக்கி, ஒவ்வொரு கண்ணியிலும் வண்ணம் கலந்த சிமெண்ட் குழம்பைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கினால் பூ நிற்கிறது. மேலே சிமெண்ட்டும் மணலும் தூவி, கலவையை நிரப்பி, சட்டத்தை எடுத்துவிடுகிறார்கள். இறுகிய பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து எடுக்கிறார்கள். சூளை கிடையாது, சுடுவதே இல்லை. கல்லுக்கு அந்த வழவழப்பைக் கொடுப்பது அடியில் இருந்த கண்ணாடிதான்.

புதுக் கல்லின் நிறம் பழசோடு சேரவே சேராது. பல வருஷம் கால் பட்டுத் தேய்ந்த மெருகு புதுக் கல்லுக்கு உடனே வராது. அதனால் பெட்டகத்துக்கு அடியில் மறைந்து கிடந்த பழைய கற்களை எடுத்து நடு வழியில் வைத்து, புதுசைப் பெட்டகத்துக்கு அடியில் போட்டோம். யாரும் கண்டுபிடிக்கவில்லை. சந்துகளை நிரப்பிய குழம்பை உடனே துடைத்து, உமியைத் தூவிச் சாக்கால் தேய்த்து, கடைசியில் துணியில் தேங்காய் எண்ணெயைத் தொட்டுத் துடைத்தோம். ஆசிட் மட்டும் இந்தத் தரைக்கு ஆகாது. சிமெண்ட் முகத்தை அரித்துப் பூவையே மங்கடித்துவிடும்.

கூரையில் நாட்டு ஓடுகளைப் பிரித்து, உடைந்ததை ஒதுக்கி, திரும்ப மேய்ந்தோம். ஓட்டைத் தாங்கும் கைமரங்களில் கறையான் தொட்ட நுனிகளை அறுத்து ஒட்டுப் போட்டு முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசினோம். தேக்குக் கதவுகளின் வார்னிஷைச் சுரண்டிவிட்டு ஆளிவிதை எண்ணெய் ஏற்றியதோடு மரவேலை முடிந்தது. பர்மா தேக்குக்கு இதற்கு மேல் தேவையும் இல்லை.

இனி சௌகரியம். பங்காளிகளில் பலருக்கு முற்றத்தை மூடிவிட வேண்டும் என்று ஆசை. பெரியப்பா நேராகவே கேட்டார்: “மேலே ஷீட் போட்டுட்டா மழைத் தொல்லையும் இல்லை, குரங்குத் தொல்லையும் இல்லையேப்பா.”

“ஷீட்டைப் போட்டா மத்தியானம் வளவுல நிக்க முடியாது பெரியப்பா. கம்பி வலை போடுவோம், குரங்குக்கு அது போதும்.”

இதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. அறைகளில் சூடாகும் காற்று முற்றத்தின் வழியாகத்தான் மேலே போகிறது, அந்த இடத்துக்குத்தான் தெருவிலிருந்தும் பின்கட்டிலிருந்தும் புதுக் காற்று வருகிறது. ஒளி ஊடுருவும் ஷீட்டைப் போட்டு மூடினால் வெயில் உள்ளே வரும், சூடு வெளியே போகாது. ஜன்னல்களும் இதே கணக்கில்தான் செய்யப்பட்டவை. மேல் கதவு தனி, கீழ்க் கதவு தனி. கீழ்க் கதவைச் சாத்தி மேல் கதவைத் திறந்துவைத்தால் தெருவில் போகிறவர் கண் படாது, காற்று போகும். துருப்பிடித்துப் பூட்டிக் கிடந்த கீல்களுக்கு எண்ணெய் விட்டு எல்லாவற்றையும் திறந்து மூடும்படி செய்தோம். கொசுவலைச் சட்டத்தை உள்பக்கம், கழற்றி மாட்டும்படி வைத்தோம். பகலில் வெயில் ஏறுவதற்கு முன்பு சாத்தி, இரவில் எல்லாவற்றையும் திறந்து விட்டால் கனத்த சுவர்கள் இரவுக் குளுமையை மறுநாள் மத்தியானம் வரை பிடித்துவைக்கும்.

குளியலறை வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வளவு அறைகளுக்குள் அதைக் கொண்டுவரக் கூடாது. தினமும் தண்ணீர் புழங்கும் இடத்தைச் சுண்ணாம்புச் சுவரோடு ஒட்டவைத்தால் மறுபடி ஓதம்தான். மூன்றாம் கட்டுக்கு வெளியே, பழைய சுவரில் படாமல் நடுவில் இடைவெளி விட்டுத் தனிக் கட்டடமாகக் கட்டி, கூரை போட்ட நடையால் இணைத்தோம். வயதானவர்களுக்கு ராத்திரியில் தூரம் என்று ஆச்சிமார்கள் சொன்னது நியாயம். அதற்காக இரண்டாம் கட்டிலேயே அவர்களுக்கு அறையை ஒதுக்கி, வழியில் கைப்பிடியும் விளக்கும் வைத்தோம். உயரமான நிலைப்படிகளை அறுக்கவில்லை, இரு பக்கமும் எடுத்து மாட்டும்படி மரச் சரிவுப் பலகை செய்தோம்.

மின்சாரத்துக்குச் சுவரை வெட்டவே இல்லை. மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவரில் காடி வெட்டினால் அதை ஒட்டுத் தெரியாமல் மூட முடியாது. மூடி போட்ட மரப்பட்டிகளுக்குள் (கேசிங்) உத்தரத்தை ஒட்டிக் கம்பி ஓட்டினோம். ஹீட்டருக்கும் ஏசிக்கும் தனித்தனியாக 4 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பி, புது எர்த், மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்சுகள் மட்டும் பழைய பாணிப் பீங்கான்.

ஏசியை மாடியில் ஒரே ஓர் அறைக்குத்தான் வைத்தோம். தேக்குப் பலகை மச்சு போட்ட அறை என்பதால் குளிர் நிற்கும். அதன் தண்ணீர் சுவரில் வழியாமல் குழாய் வழியாக நேராகக் கீழே இறங்கும். வெளி யூனிட்டை முற்றத்துப் பக்கம் வைக்கவில்லை, சூடான காற்றை வளவுக்குள் ஊதும் என்பதால் பின்பக்கக் கைப்பிடிச் சுவருக்கு மேலே கொண்டுபோனோம்.

மிச்சம் இருப்பது முகப்புத் திண்ணையின் மேற்கூரை. மரச்சட்டங்களின் மேல் செங்கல்லையும் சுண்ணாம்பையும் போட்டுத் தட்டையான ஓடு பதிக்கும் மெட்ராஸ் டெரஸ் போட்ட பகுதி, அந்தத் தட்டோட்டில் விரிசல் விட்டு இரண்டு மரச்சட்டங்களில் கசிவு இருக்கிறது. இந்த ஐப்பசிக்குத் தற்காலிகமாகத் தார்ப்பாய் கட்டியிருக்கிறோம். மழை விட்டதும் தட்டோட்டைப் பெயர்த்து, அடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் எந்த நிலையில் இருக்கின்றன என்று பார்த்துவிட்டு, தையில் அதே கொத்தனாரை வைத்து ஆரம்பிக்கலாம் என்று பேசியிருக்கிறோம். சுண்ணாம்பை இப்போதே தொட்டியில் நீற்றிப் போட்டாயிற்று.